மூன்றடி வாசல்

அத்தியாயம் 14

சுல்பா தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

“நானும் வாறன் எண்டு சொன்னேனே. ரெண்டு பேரும் மறந்திட்டீங்களா?”

பிழிந்த கை அப்படியே நின்றது. அடுப்படி வாசலில் நின்ற மகள் ஃபஹ்மியா தாயைப் பார்த்தாள். தாய் மகளைப் பார்த்தாள்.

நேற்று மாலை கணவர் ஜவ்பர் அதைச் சொன்னபோது, ஏதோ கதையோடு கதையாக வந்த சொல் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். யுத்தம் முடிந்து கடல் திறந்த பிறகு, கடலட்டைக்காக முதுகில் காற்றுத் தாங்கியோடு ஆழத்துக்குப் போனவர்களில் ஜவ்பரும் ஒருவர். ஆழத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும்; ஒரு காலையில் அவர் மிக வேகமாக மேலே வந்துவிட்டார். வள்ளத்தில் ஏறும்போதே கால்கள் அவருடையவை இல்லை என்றாகிவிட்டன. ஆசுபத்திரிகளில் மாதக்கணக்கில் கிடந்து, சக்கர நாற்காலியோடு குறிஞ்சிப்பிட்டிக்குத் திரும்பிய நாளிலிருந்து இந்த வாடகை வீட்டின் வாசலை அவர் தாண்டியதே இல்லை. கூப்பிட்டால், “ஆக்கள் பார்ப்பாங்க” என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவர் இன்று புதுவீட்டுக்குக் கதவு நிலை வைப்பதைப் பார்க்க வருகிறேன் என்கிறார்.

“சட்டை எது போடுறீங்க?” என்று கேட்டாள் சுல்பா. வேறு என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“வெள்ளை.”

புதுவீடு அதிக தூரமில்லை. அதே ரோட்டில், உப்புக்காற்றில் சாய்ந்து வளர்ந்த தென்னைகளுக்கு அப்பால், சுல்பாவுக்கு உம்மா வழியில் வந்த காணியில் அது எழும்பிக்கொண்டிருந்தது. எழுப்புகிறவர் அவளுடைய அண்ணன், றஊப் நானா. முந்தல் ஊரில் கடை வைத்திருப்பவர். மச்சான் விழுந்த பிறகு, யாரும் கேட்காமலே, “வீட்ட நான் கட்டித் தாறன்” என்று முன்வந்தவர். நாளைக்கு அந்த வீடு ஃபஹ்மியாவுக்குத்தான். கற்பிட்டியிலிருந்து ஒரு சம்பந்தமும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை அஸாம் படித்தவன், அரச உத்தியோகம்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிற நானாவிடம் குறை சொல்ல நாக்கு எழுமா? அதனால்தான் சுல்பா ஒரு விசயத்தை இத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆசுபத்திரியிலிருந்து புறப்பட்ட அன்று, அங்கே தாதியாக இருந்த றோசமேரி மிஸ்ஸி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன விசயம் அது.

“வீடு கட்டினா கதவ மறந்திராதீங்க. கதவு எவ்வளவு பெருசு எண்டது கணக்கில்ல, திறந்த பிறகு மிச்சமிருக்கிற வெளிதான் கணக்கு. மூண்டடி வேணும். படி இருக்கக் கூடாது. முக்கியமா பாத்ரூம். கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். உள்ளுக்கு அவர் முழுசாத் திரும்ப அஞ்சடி வெளி வேணும். வீட்டுக்கு ஏற சறுக்கு வச்சா, ஓரடி உசரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதுக்குக் குறைச்சா அவர் பின்னால உருண்டு விழுவார்.”

அத்திவாரம் உயர்ந்தபோது சுல்பா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். மாரி மழையில் கடலோரக் களப்புத் தண்ணீர் வீட்டு வளவுக்குள் வரும் என்பதால் றஊப் நானா மூன்றடி உயர்த்தியிருந்தார். அப்படியானால் சறுக்கு முப்பத்தாறு அடி. வீட்டுக்கு முன்னால் அத்தனை இடமே இல்லை. அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

*

காப்பட் போட்ட தார் ரோட்டில் சக்கரங்கள் ஏறும்வரைதான் தாயும் மகளும் தள்ள வேண்டியிருந்தது. மணலில் அவை புதைந்து புதைந்து வந்தன. ரோட்டுக்கு வந்ததும் ஜவ்பர் கையை உயர்த்தினார்.

“விடு புள்ள.”

ஃபஹ்மியா கையை எடுத்தாள்.

அவர் சக்கர வளையத்தைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். நாற்காலி சத்தமில்லாமல் முன்னே போனது. இன்னொரு தள்ளு. பிறகு இன்னொன்று. கறுத்த ரோட்டில், இரு பக்கமும் தென்னை நிழல் விழுந்து கிடக்க, வெள்ளைச் சட்டை காற்றில் உப்பிக்கொண்டு அவர் போய்க்கொண்டே இருந்தார். அந்தத் தோள்கள் அசைவதைச் சுல்பா பார்த்தாள். அலைக்கு எதிரே நீந்துகிற தோள்கள். அவை எங்கும் போய்விடவில்லை. இத்தனை நாளும் இரண்டு அறை வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கின்றன.

“உம்மா, ஓடி வாங்க! வாப்பா போயிட்டாரு!”

சுல்பா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ரோட்டில் ஓடியது எந்தக் காலத்திலோ. மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. சைக்கிளில் எதிரே வந்த ஒருவர் இறங்கி நின்று சலாம் சொன்னார். ஜவ்பர் நிற்காமலே பதில் சலாம் சொன்னார்.

ஆக்கள் பார்த்தார்கள்தான். பார்த்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள்.

*

புதுவீட்டில் ஆறு நிலைகளும் சுவரில் சாய்ந்து நின்றன. மேசன் வேலையின் தலைவர் இன்னாசிப்பிள்ளை பாஸ் சுண்ணாம்புக் கையோடு ரோட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் றஊப்.

“அல்ஹம்துலில்லாஹ்! மச்சான், வந்திட்டீங்களா?” றஊப்பின் முகம் மலர்ந்தது. உடனே வேலையாட்களைக் கூப்பிட்டார். “வாங்க, நாலு பேரும் நாலு பக்கம் புடிங்க. ஒரு நிமிசத்துல உள்ளுக்கு வச்சிரலாம்.”

“தூக்க வேணாம்” என்றார் ஜவ்பர்.

வந்தவர்கள் நின்றார்கள்.

“தூக்காம எப்பிடி மச்சான்? பாருங்க, வளவு பள்ளம். அத்திவாரம் உசரம்.”

ஜவ்பர் ரோட்டோரத்தில் நாற்காலியை நிறுத்தி, வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சுல்பாவுக்கு அந்தப் பார்வை பழக்கமானது. வள்ளத்தில் இறங்குமுன் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பார், பக்கத்தில் யார் கதைத்தாலும் கேட்காது.

“பாஸ், ரோட்டும் அத்திவாரமும் ஒரே மட்டமா?”

இன்னாசிப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். “அப்பிடியெண்டு நான் பார்க்கேல்லையே.”

“பாருங்களேன்.”

உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற மேசன் குழாயைக் கொண்டு வந்தார்கள். ஒரு நுனியை பாஸ் அத்திவாரத்தோடு சேர்த்துப் பிடித்தார். மற்ற நுனியை ரோட்டோரத்தில் ஃபஹ்மியா பிடித்தாள். குழாய் பள்ளமான வளவுக்குள் இறங்கி மறுபடி ஏறிக் கிடந்தது. தண்ணீர் ஆடியது. மெல்ல மெல்ல ஆடி, அடங்கி, நின்றது.

ஃபஹ்மியா குனிந்து பார்த்தாள். “பாஸ், ரோட்டுக்கும் அத்திவாரத்துக்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்ல!”

யுத்தத்துக்குப் பிறகு புதிதாகப் போட்ட ரோட்டை, வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திப் போட்டிருந்தார்கள். வீட்டையும் அதே பயத்தில் உயர்த்தியிருந்தார்கள். இரண்டும் ஒரே உயரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன. நடுவில் இருந்த பள்ளத்தில் இறங்கி ஏறிப் பழகிய எவருக்கும் அது கண்ணில் படவில்லை.

முப்பத்தாறு அடிச் சறுக்கு சுல்பாவின் நெஞ்சிலிருந்து அப்படியே இறங்கிப் போனது.

“பள்ளத்த நிரப்பி, ரெண்டு பக்கமும் கல்லுக் கட்டினாச் சரி தங்கச்சி,” என்றார் இன்னாசிப்பிள்ளை அவளிடம். அவர் குரலிலேயே ஒரு பரபரப்பு. “அடியில ஒரு பெரிய குழாய் வச்சா மழைத்தண்ணி போயிரும். ரோட்டிலயிருந்து நேரா ஹோலுக்குள்ள. சறுக்கு எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. பாதை எண்டுதான் சொல்லுவாங்க.”

“அது பிறகு. இண்டைக்கு எப்பிடிப் போறது?” என்று கேட்டார் ஜவ்பர்.

சாரம் கட்ட வைத்திருந்த தடித்த பலகைகள் வந்தன. வளவுக்குள் சீமெந்துக் கற்களை அடுக்கி அடுக்கி, அவற்றின்மேல் பலகைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி, ரோட்டிலிருந்து வாசல்வரை ஒரு பாலம் போட்டார்கள். பாஸ் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்.

“தாங்கும்.”

பலகை தாங்கும், சரி. சக்கரத்துக்கு இரு பக்கமும் நாலு விரல் அகலம்தான் மிச்சம். கீழே கல்லும் கம்பியும். சுல்பாவின் வாய் ‘பிஸ்மில்லாஹ்’ என்றது. கை நாற்காலியைப் பிடிக்கப் போனது. ஜவ்பர் திரும்பிப் பார்த்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

சக்கரம் பலகையில் ஏறியது.

றஊப் என்ன நினைத்தாரோ, உடுத்தியிருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார். இரு கைகளையும் உயர்த்தி, தொடாமல், தொடுகிற தூரத்தில், மச்சானோடு கூடவே கீழே நடந்தார். அவருடைய உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. பலகை நெளிந்தது, முனகியது. நடுவில் ஒருமுறை ஒரு சக்கரம் கொஞ்சம் விலகியது. ஃபஹ்மியா கண்ணை மூடிக்கொண்டாள். ஜவ்பர் நின்றார். மூச்சை இழுத்து அடக்கினார். ஒரு சக்கரத்தை மட்டும் அரை விரல் அளவு பின்னுக்கு இழுத்து நேராக்கினார். பிறகு மூச்சை விட்டார்.

வாசலைத் தாண்டிச் சீமெந்துத் தரையில் சக்கரங்கள் இறங்கிய சத்தம் கேட்டபோது, வேலையாட்களில் யாரோ ஒருவன் “மாஷா அல்லாஹ்” என்று கத்திவிட்டான்.

*

ஹோலுக்குள் அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். முன்வாசல் இரட்டைக் கதவுக்கென்று அகலமாக விட்டது, அதனால் தடையில்லை. ஃபஹ்மியாவுக்கென்று வைத்த அறைக்குள் போய் ஜன்னல் ஓட்டையால் களப்பைப் பார்த்தார். சமையலறைக்குப் போனார். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, யாரையும் அவர் கூப்பிடவுமில்லை. சுல்பா பின்னாலேயே நடந்தாள். வீடு என்றால் ஒரு மனிதன் தன் விருப்பத்துக்கு அறை மாறுகிற இடம் என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

பிறகு அவர் குளியலறை வாசலுக்கு வந்தார்.

பூசாத சுவருக்கு நடுவே இரண்டரை அடி இடைவெளி. நாற்காலி உள்ளே நுழைந்தது. கைகள் நுழையவில்லை. விரல் முட்டிகள் இரு பக்கமும் சுவரில் உரசி நின்றன. அவர் இன்னும் ஒருமுறை தள்ளினார். தோல் உரிந்து இரத்தம் பொட்டாகத் தெரிந்தது.

“இதுக்குள்ள நிலையும் வரணுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஓம், அது எல்லா வீட்டுலயும் பாத்ரூம் கதவு சின்னதுதானே மச்சான்,” என்றார் றஊப். “வாசல் வரைக்கும் வாங்க. அங்கால சுல்பா புடிச்சுக்கொள்ளுவாள்.”

சுல்பாவுக்குள் இத்தனை நாள் புழுங்கியது அப்போது வெளியே வந்தது.

“நானா, இந்த நிலைய இங்க வைக்க ஏலா.”

றஊப் திரும்பினார். “என்னா?”

“மூண்டடி வெளி வேணும். கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். மிஸ்ஸி அப்பவே சொன்னா. நான்தான் ஒங்களுக்குச் சொல்லப் பயந்து இருந்தன்.”

“இப்ப சொல்றியா? சுவர் எழும்பின பிறகு? நிலை வந்து இறங்கின பிறகு?” அவர் குரல் உயர்ந்தது. “நல்ல பாலை மரம் எண்டு நானே நிண்டு தெரிஞ்செடுத்த நிலை. மௌலவி துஆ ஓத வரப் போறாரு. இது ஃபஹ்மியாட வீடு சுல்பா. வாற மாப்பிள்ளை வீட்டார் பார்த்தா, இது வீடா ஆசுபத்திரியா எண்டு கேட்க மாட்டாங்களா?”

“கேட்கட்டும் மாமா,” என்றாள் ஃபஹ்மியா. “வாப்பாக்குப் போக ஏலாத வீடு எனக்கு என்னத்துக்கு?”

“நீ சும்மா இரி புள்ள. ஒனக்கு ஒலகம் தெரியாது.”

“மச்சான்.”

ஜவ்பர் நாற்காலியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பி, றஊப்பின் முகத்துக்கு நேரே நிறுத்தினார்.

“நீங்க எனக்குச் செஞ்சத நான் மவுத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டன். ஒண்டு மட்டும் கேளுங்க. வெளிச்சம் வராத ஆழத்துல, கூட ஒருத்தரும் இல்லாம நிண்டவன் நான். இப்ப கக்கூசுக்குப் போக பொஞ்சாதியக் கூப்பிடுறன். அவள் இல்லாத நேரம் புள்ளையக் கூப்பிடுறன்.” அவர் உரிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “பொம்புளப் புள்ளய, மச்சான். சில நாளைக்கு அவள் பள்ளிக்கூடத்தால வரும்வரைக்கும் தண்ணியே குடிக்காம இருக்கன். இந்தக் கதவுக்குள்ள மட்டும் தனியாப் போக விடுங்க. மத்த எதையும் நான் கேட்கேல்ல.”

ஃபஹ்மியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

றஊப் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த வீட்டுக்கு ஒவ்வொரு கல்லையும் பார்த்து இறக்கியவர். ஓடு என்ன நிறம், ஜன்னல் என்ன வடிவம் என்று நூறு தடவை யோசித்தவர். இந்த ஒன்றை ஒருநாளும் யோசிக்கவில்லை என்பது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

“பாஸ்,” என்றார் கடைசியில். “இத உடைக்கலாமா?”

“கதவுக்கு மேல லிண்டல் கொங்கிறீற் இன்னும் போடேல்ல. போட்டிருந்தா பெரிய வேலை. இப்ப ஒரு வரிசைக் கல்லக் கழட்டினாச் சரி.”

“அப்ப உடைங்க. இந்த நிலை திரும்பிப் போகட்டும். அளவு சொல்லுங்க, வேற செய்யச் சொல்லுறன்.” சுல்பாவைப் பார்த்தார். “நீதான் அளவு சொல்லணும். உள்ளுக்கு எவ்வளவு வெளி எண்டாய்?”

“அஞ்சடி நானா. அவர் முழுசாத் திரும்ப.”

“அது இருக்கு,” என்றார் பாஸ், உள்ளே எட்டிப் பார்த்து. “தண்ணித் தொட்டிய மூலைக்குத் தள்ளினா தாராளமா இருக்கு.”

சுத்தியல் விழுந்தது. முதல் கல் அசைந்து, பிறகு பொலபொலவென்று சாந்து கொட்டியது. றஊப்பும் கல்லைத் தூக்கி வெளியே போட்டார். வெள்ளைத் தூசி எல்லோர் தலையிலும் படிந்தது. தரையைக் கூட்டித் துப்புரவாக்கியதும் பாஸ் ஒதுங்கி நின்றார்.

“போங்க ஐயா.”

ஜவ்பர் போனார். கைகள் எங்கும் உரசவில்லை.

சுல்பா பழக்கத்தில் அவருக்குப் பின்னால் ஓரடி வைத்தாள்.

“சுல்பா, நீ உள்ளுக்கு வராத.”

அதட்டல் இல்லை அது. அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. கலியாணமான புதிதில், கடலிலிருந்து வந்து மீனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ‘கிட்ட வராத’ என்பாரே, அந்தச் சிரிப்பு.

அவள் வாசலில் நின்றாள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலம் தூக்கிய, தாங்கிய, கழுவிய கைகள். இப்போது அவற்றுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

உள்ளே அவர் ஒரு முழு வட்டம் திரும்பினார். மறுபடியும் திரும்பினார். கூரை போடாத அந்தச் சின்ன அறையின் நாலு சுவருக்கு மேல் வானம் நீலமாக இறங்கி நின்றது. அவர் தலையை அண்ணாந்து அதைப் பார்த்தபடியே மெல்லச் சுற்றினார். ஆழத்திலிருந்து ஒரு மனிதன் சரியான வேகத்தில், அவசரமில்லாமல், மேலே வருவது போல இருந்தது சுல்பாவுக்கு.

“யா அல்லாஹ்,” என்றாள். றஊப் முகத்தைத் தோள் துவாயால் துடைத்துக்கொண்டார். தூசி என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்பது போல.

*

ரோட்டில் வான் வண்டி ஒன்று வந்து நின்றது.

“மௌலவி வந்திட்டாரு,” என்றார் பாஸ்.

றஊப் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“மௌலவி இல்ல.” தங்கையைப் பார்க்காமலே சொன்னார். “நான்தான் வரச் சொன்னன். நிலை வைக்கிற நாள், வீட்ட ஒருக்காப் பார்க்கட்டும் எண்டு. ஒங்களுக்குச் சொல்ல இருந்தன். கற்பிட்டியால, அஸாம்ட உம்மா.”

சுல்பா சுற்றிப் பார்த்தாள். தாயும் மகளும் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. குளியலறைச் சுவர் உடைந்து கிடக்கிறது. முன்னால் பலகைப் பாலம்.

“அவங்களுக்கு வாப்பாவப் பத்தி என்ன சொல்லியிருக்கீங்க மாமா?” ஃபஹ்மியா கேட்டாள்.

“சுகமில்ல எண்டு.”

“எவ்வளவு சுகமில்ல எண்டு?”

றஊப் தோள் துவாயை உதறி மறுபடி தோளில் போட்டார்.

வான் கதவைத் திறந்து இறங்கிய அஸாமின் உம்மா றுக்கியா உயரமான பெண். கறுப்பு அபாயா, கண்ணாடி, நிமிர்ந்த நடை. ரோட்டோரத்தில் நின்று பள்ளத்தைப் பார்த்தாள். பலகைகளைப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும்!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “இதென்ன, யாருக்குப் போட்ட பாலம்?”

சுல்பா வாயைத் திறந்தாள். ஜவ்பருக்காகப் பதில் சொல்வது அவளுக்கு மூச்சு விடுவது போலப் பழகிப்போன காரியம். ஆனால் அவள் சொல்லுமுன், பின்னாலிருந்து சக்கரங்களின் சத்தம் வந்தது. ஹோலைக் கடந்து, அவளைக் கடந்து, வாசலைக் கடந்து போனது.

“வஅலைக்கும் ஸலாம். எனக்குத்தான்,” என்றார் ஜவ்பர். “நான் ஃபஹ்மியாட வாப்பா.”

சக்கரம் பலகையில் ஏறியது. பாலத்தின் நடுவில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவர்தான் போகலாம், மற்றவர் பின்வாங்க வேண்டும். றுக்கியா முதலில் சக்கரங்களைப் பார்த்தாள். அசையாமல் கிடந்த கால்களைப் பார்த்தாள். தூசி படிந்த வெள்ளைச் சட்டையையும், உரிந்த விரல் முட்டிகளையும் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

றஊப் பள்ளத்துக்குள் இறங்கப் போனார். சுல்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேணாம் நானா. அவர் தனியா நிக்கிறாரு.”